கதை சொல்பவரின் 'ஆம்'

ஓர் எழுத்தாளரிடம் ஏமாற்றம் அடைந்தேன் என்று வாசகன் சொல்வதில் நியாயம் உண்டா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் எடை குறைத்துக் கொடுத்தால் தராசைக் காட்டிச் சண்டை போடலாம். தறிக்காரர் அகலம் குறைத்து நெய்திருந்தால் முழம் போட்டுக் காட்டலாம். கதை எழுதுகிறவரோ எந்த எடையையும் எந்த அகலத்தையும் நம்மிடம் ஒப்புக்கொண்டு எழுதவில்லை. அவர் எழுதினார், நாம் விரும்பி வாங்கினோம், பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதானே? பலரும் இப்படித்தான் சொல்வார்கள். நானும் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இந்த வாதம் எனக்கு மிகவும் வசதியானது. ஆயினும் என் மனம் இதை ஒப்பவில்லை. எழுதிக் கொடுக்காத ஒப்பந்தங்களும் உலகத்தில் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் மறைந்தார். பத்திரிகைகள் எல்லாம் அஞ்சலி செலுத்தின. என்னைப் போன்றவர்களும் மனத்துக்குள் ஒரு முறை கைகுவித்துக்கொண்டோம். பொய்யில்லாத மரியாதை அது. மறைந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அது நல்ல வழக்கம். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் வாசித்த ஓர் எழுத்தாளருக்கு மாலை போடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர் எழுத்தை எடுத்து வைத்து வாதாடுவதும் ஒரு மரியாதைதான். மாலை வாடிவிடும்; வாதம் கொஞ்ச நாள் நிற்கும்.

அவர் எனக்கு என்ன கொடுத்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990-களின் பிற்பாதியில் 'மர்மதேசம்' சன் தொலைக்காட்சியில் வந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது. அப்போது நான் ராஜபாளையத்தில் பள்ளிக்கூடத்துப் பையன். ஆலைச் சங்குக்கு நேரம் பார்த்துப் பழகிய ஊர் அது. அந்தத் தொடர் வருகிற இரவில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். தொலைக்காட்சி இல்லாத வீட்டார் இருக்கிற வீட்டின் வாசற்படிவரை வந்து உட்கார்ந்துகொள்வார்கள். முடிந்த பிறகு தங்கள் வீட்டுக்கு நாலெட்டு நடக்கத் துணைக்கு ஆள் தேடுவார்கள். மறுநாள் பள்ளியில் கணக்கு வாத்தியார் முதற்கொண்டு அதே பேச்சு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே கதைதான் என்று என் அத்தை மக்கள் சொல்வார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பயமுறுத்துவது அத்தனை எளிதன்று. மேற்கே பார்த்தால் மலை. மலையடிவாரத்தில் அய்யனார். ஊர் எல்லையில் அரிவாளோடு கருப்பசாமி. அமாவாசைக்குச் சதுரகிரி ஏறி வந்தவர்கள் சொல்லும் சித்தர் கதைகள் ஆயிரம். இப்படிக் கதைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒருவர் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? அவர் கருப்பசாமியைப் புதிதாகக் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. கருப்பசாமிக்கு எதிரே ஒரு மனநல மருத்துவத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அதுதான் புதுமை. 'விடாது கருப்பு' என்ற பகுதியில் ஒரு கிராமம், தவறு செய்தவர்களைத் தேடி வந்து தண்டிக்கும் ஒரு தெய்வம், அதை நம்புகிற ஊர், நம்பாத படிப்பாளிகள். 'ரகசியம்' பகுதியில் காலபைரவர் கோயிலும் நவபாஷாண லிங்கமும் ஒரு பக்கம், ஆராய்ச்சி செய்கிற மருத்துவர் ஒரு பக்கம். இரண்டு தரப்புக்கும் அவர் பேச இடம் கொடுத்தார். பூசாரியும் முட்டாளில்லை, டாக்டரும் முட்டாளில்லை. நடுவில் நாம் உட்கார்ந்து ஒரு வாரம் இந்தப் பக்கமும் மறு வாரம் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருந்தோம்.

அந்தச் சாய்வு எத்தனை பெரிய கொடை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பதினைந்து வயதுப் பையனுக்கு அவன் வீடு சொல்வது ஒன்று, பாடப்புத்தகம் சொல்வது ஒன்று. வீட்டில் இருக்கும்போது பாடத்தை மறந்துவிடுகிறான். பள்ளியில் இருக்கும்போது வீட்டை மறைத்துவிடுகிறான். இரண்டையும் ஒரே அறையில் உட்கார வைத்து, "நீயே பார்" என்று அவனிடம் விட்டவர்கள் அப்போது அதிகம் பேர் இல்லை. இந்திரா சௌந்தர்ராஜன் விட்டார். அதனால்தான் அவர் மேல் அன்பு வைத்தேன். அன்பு வைக்காத இடத்தில் ஏமாற்றம் எங்கிருந்து வரும்?

ஏமாற்றம் எது என்று சொல்வதற்கு முன் எது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அவர் நிறைய எழுதினார் என்பது என் குறையன்று. ஒரே மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மாத நாவல்களுக்குக் கதை கொடுத்த காலம் அவருக்கு உண்டு. பஸ் நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் அந்தப் புத்தகங்களை இகழ்ந்து பேசுவது இலக்கியவாதிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தக் கயிற்றின் மேல் நன்றி உண்டு. பஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிற தொழிலாளி ஒருவர் பஸ் வரும்வரை வாசிப்பதற்கு அந்தக் கயிறுதான் நூலகம். அவர் தெய்வ நம்பிக்கை உடையவர், மேடைகளில் ஆன்மிகச் சொற்பொழிவு செய்தவர் என்பதும் என் குறையன்று. நம்பிக்கை ஒரு மனிதரின் சொந்த விஷயம். நம்பிக்கை உள்ளவர் நம்பிக்கை உள்ளவராக எழுதுவது நேர்மை.

என் குறை இதுதான். வருஷங்கள் செல்லச்செல்ல அவருடைய கதைகளில் அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்று மெல்ல மெல்லப் பின்னால் தள்ளப்பட்டது. டாக்டர் வந்தார், ஆனால் தோற்பதற்காகவே வந்தார். பகுத்தறிவு பேசும் பாத்திரம் முதல் அத்தியாயத்தில் எகத்தாளமாகப் பேசும்போதே கடைசி அத்தியாயத்தில் அது விழுந்து கும்பிடப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மர்மக் கதையில் முடிவு முன்னதாகவே தெரிந்துபோவது எழுத்துத் திறமையின் குறை என்று மட்டும் நினைக்கத் தோன்றும். எனக்கு அது வேறொன்றாகப் பட்டது. கதை தன் சந்தேகத்தைக் கைவிட்டுவிட்டு அத்தாட்சிப் பத்திரமாக மாறிக்கொண்டிருந்தது. உண்மைச் சம்பவங்களைத் தழுவியது என்ற பேச்சு அவருடைய கதைகளைச் சுற்றி எப்போதும் உண்டு. ஆரம்பத்தில் அந்தப் பேச்சு கதைக்கு ஊறுகாயாக இருந்தது; பிறகு இலையில் ஊறுகாயே சோறாகிவிட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை நம் மொழியிலேயே இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' வெளிவந்தது 1943-இல். வீட்டுக்கு ஒரு பிச்சைக்காரி வருகிறாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கணவனுக்கு அடிவயிற்றில் ஒரு பயம். அவள் பேய்தானா? புதுமைப்பித்தன் கடைசிவரை கையைத் திறந்து காட்டவில்லை. பேயை நம்புகிறேன் என்றும் அவர் மார்தட்டவில்லை. எனக்குப் பயமில்லை என்றும் மார்தட்டவில்லை. நம்பிக்கைக்கும் பயத்துக்கும் நடுவில் மனிதன் நிற்கிற அந்த இடத்தைத்தான் எழுதினார். எண்பது வருஷங்களுக்கு மேலாகியும் அந்தக் கதையை இரவில் வாசித்தால் கதவுத் தாழ்ப்பாளை ஒரு முறை பார்த்துக்கொள்கிறோம். பேய் உண்டு என்று அவர் சாதித்திருந்தால் ஒரு முறை பயந்து மறந்திருப்போம். இல்லை என்று சாதித்திருந்தால் பயந்தே இருக்க மாட்டோம்.

எழுத்தாளன் தன் நம்பிக்கையால் தன் கதையை எப்படி இழக்கிறான் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஆர்தர் கானன் டாயில். துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவர். ஒரு செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்து ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று சொல்ல உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர். அவரே இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து, அவற்றில் இருப்பவை மெய்யான வனதேவதைகள் என்று நம்பினார். 1920-இல் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழில் கட்டுரை எழுதினார். 1922-இல் ஒரு புத்தகமே போட்டார். அந்தச் சிறுமிகள் கிழவிகளான பிறகு 1983-இல் விஷயத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒரு படப்புத்தகத்தைப் பார்த்து வரைந்து, காகிதத்தை வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தி எடுத்த படங்கள் அவை. டாயிலைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. 1918-இல் மகனைப் பறிகொடுத்தவர் அவர். யுத்தம் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன அந்தக் காலத்தில், செத்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று ஒருவர் நம்ப விரும்பியது குற்றமா?

ஆனால் எழுத்தாளராக அவர் செய்த இரண்டு காரியங்களைப் பாருங்கள். ஆவி உலகத்தை ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்த அதே வருஷங்களில், 1924-இல், 'சசெக்ஸ் வாம்பயர்' என்ற ஹோம்ஸ் கதையை எழுதினார். ஒரு தாய் தன் கைக்குழந்தையின் கழுத்தில் வாய் வைத்து ரத்தம் உறிஞ்சுகிறாள் என்று வழக்கு. வீட்டார் பேய் என்று நடுங்குகிறார்கள். ஹோம்ஸ் பேய்க்கு இடம் கொடுக்க மறுத்துவிடுகிறார். குழந்தைக்கு விஷம் ஏற்றியவன் பொறாமை கொண்ட மூத்தாள் பிள்ளை. தாய் உறிஞ்சியது விஷத்தை. தாம் நம்புகிற ஒன்றைத் தம் பாத்திரம் நம்பாமல் இருக்க டாயில் அனுமதித்தார். இரண்டு வருஷம் கழித்து 1926-இல் 'தி லாண்ட் ஆஃப் மிஸ்ட்' என்ற நாவலில் தம்முடைய இன்னொரு பாத்திரமான விஞ்ஞானி சாலஞ்சரை ஆவிகளிடம் மண்டியிட வைத்தார். சிங்கம்போல் கர்ஜித்துக்கொண்டிருந்த மனிதர் அந்த நாவலில் பூனையாகிவிடுகிறார். ஹோம்ஸ் இன்றும் உலகத்தில் நடமாடுகிறார். மண்டியிட்ட சாலஞ்சரைத் தேடிப் போகிறவர்கள் சொற்பம். நம்பிக்கை ஒன்றேதான், எழுதிய கையும் ஒன்றேதான். ஓரிடத்தில் பாத்திரத்தின் சுதந்திரத்தை மதித்தார்; மற்றோரிடத்தில் மதிக்கவில்லை.

இது கலை சம்பந்தப்பட்ட விஷயம் என்று இருந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். நல்ல கதை, கெட்ட கதை என்று சொல்லிவிட்டுப் போகலாம். கவலை வேறு.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்கு அங்கிருந்து துணி போகிறது. அங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை என்பதால் மாதக்கணக்கில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தார். நான் மதுரைக்குப் போய்க் காட்டச் சொன்னேன். அவர் சதுரகிரிக்குப் போனார். போனது தவறில்லை, அந்த மலை லட்சம் பேருக்கு ஆறுதல் கொடுக்கிற மலை. ஆனால் வழியில் யாரோ ஒருவன் கொடுத்த வேரை வாங்கி வந்து அரைத்துப் போட்டுக்கொண்டு மதுரையை மறந்துவிட்டார். நான் வற்புறுத்தியபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "தம்பி, ஒரு டாக்டரே இந்த வேரைப் பாத்துட்டு அசந்து போய்ட்டாராம்ல. கதையில்ல தம்பி, நடந்தது." நோய் இன்னது என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஆயிரமாயிரம் கெஜம் பேண்டேஜ் நெய்த மனிதர், அந்தத் துணி போய்ச் சேருகிற இடத்துக்குத் தாம் போகாமல் இருந்துவிட்டார்.

இந்தச் சாவை எந்த எழுத்தாளரின் வாசலிலும் கொண்டுபோய் வைக்க எனக்கு உரிமையில்லை. அந்தப் பெரியவர் நாவல் வாசிக்கிறவரே அல்லர். மலையைப் பற்றிய இந்தப் பேச்சு எந்தப் பத்திரிகைக்கும் முந்தியது. ஆனால் அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களை எடுத்து வைத்துப் பாருங்கள். டாக்டர் அசந்துபோய்விட்டார், கதையில்லை, நடந்தது. இந்த இரண்டும் பழைய பக்திப் பேச்சில் கிடையாது. இவை புதிது. விஞ்ஞானத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, "ஆமாம் ஐயா, எங்களால் முடியவில்லை" என்று சொல்ல வைக்கிற இந்தப் பாஷை கடந்த சில பத்தாண்டுகளாகப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இன்று கைத்தொலைபேசியிலும் ஓயாமல் ஒலிக்கிறது. காற்றில் கலந்துவிட்ட பாஷைக்கு ஆசிரியர் ஒருவர் இல்லை. ஆயினும் அமானுஷ்யத்தை எழுதிப் புகழ்பெற்றவர்கள் யாரும் அதில் தமக்குப் பங்கில்லை என்று கைகழுவிவிட முடியாது.

புற்றுநோயைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வதற்கு இந்த நாட்டில் 1954 முதல் சட்டப்படி தடை உண்டு. மந்திர வைத்திய விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் அது. அந்தச் சட்டம் கதையைத் தொடாது, தொடவும் கூடாது. கதைக்குப் போலீஸ் காவல் போடும் நாள் வந்தால் அதை எதிர்த்து நிற்கிறவர்களில் நானும் இருப்பேன். ஆனால் ஒன்று. சட்டம் காவல் நிற்கிற இடத்தில் மனிதன் சட்டத்துக்குப் பயந்து ஒழுங்காக இருக்கலாம். சட்டம் வராத இடத்தில் தர்மம் ஒன்றுதான் காவல். கதை அப்படிப்பட்ட இடம். அங்கே தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு எழுதுகிறவனுடையது.

என் நண்பர் ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், இதைக் கேட்டுவிட்டு என்னை மடக்கினார்: "அப்படியானால் ஆண்டாள் துளசிச் செடியடியில் கிடைத்ததையும் நீர் அமானுஷ்யக் கதை என்று தள்ளிவிடுவீரோ? ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்கிற ஜனங்களிடம் போய் அத்தாட்சி கேட்பீரோ?" நல்ல கேள்வி. பதில் அந்தத் தேர்த் திருவிழாவிலேயே இருக்கிறது. அன்று வடம் பிடிக்கிற ஒருவராவது, இது நடந்ததற்கு என்ன ருஜு என்று கேட்டது உண்டா? வடம் பிடிக்கச் சொல்கிற ஒருவராவது, ஒரு ருஜுவைக் காட்டி அழைத்தது உண்டா? சூடிக் கொடுத்த மாலையின் கதைக்கு எந்தப் பரிசோதனைச் சாலையின் முத்திரையும் தேவைப்படவில்லை. பாட்டு இருக்கிறது, மாலை இருக்கிறது, கண்ணில் நீர் இருக்கிறது. பக்தி தனக்குப் போதுமானதைத் தானே வைத்திருக்கிறது. அந்த நிறைவுதான் அதன் கௌரவம். அதன் பக்கத்தில் கொண்டுபோய், "அயல்நாட்டு விஞ்ஞானிகளே வியந்தார்கள்" என்று ஒரு பலகையை நட்டுப் பாருங்கள். ஆண்டாளுக்கு அதனால் என்ன பெருமை கூடும்? பலகை நடுகிறவருக்குத்தான் உள்ளுக்குள் ஏதோ போதவில்லை என்று ஆகும். அத்தாட்சி தேடுகிற பக்தி, விஞ்ஞானத்தைக் கும்பிடுகிற பக்தி. அது விஞ்ஞானத்தையும் கெடுக்கிறது, பக்தியையும் சிறுமைப்படுத்துகிறது.

ராஜபாளையத்தில் ஒரு சஞ்சீவி மலை இருக்கிறது. அனுமார் தூக்கிக்கொண்டு பறந்த மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்று ஊரில் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டும்போது ஆச்சி அந்தக் கதையைச் சொல்லுவாள். "அனுமாரு மலையத் தூக்கிட்டு வந்தாராம். வரும்போது ஒரு துண்டு இங்கன விழுந்துச்சாம்." நான் வாயைத் திறந்தபடி, "நெசமா ஆச்சி?" என்று கேட்பேன். ஆச்சி உருண்டையை வாயில் வைத்துவிட்டு, "அப்படித்தான் சொல்லுவாக" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

இத்தனை வருஷம் எழுதிய பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. கதை சொல்பவனின் தர்மம் முழுவதும் அந்த 'ஆம்' என்ற இரண்டு எழுத்தில் இருக்கிறது. வந்தாராம், விழுந்ததாம், ஒரே ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம். நம் மொழி நமக்குக் கொடுத்திருக்கிற செல்வம் அது. சொல்லுகிறவள் பொய் சொல்லவில்லை; ஏனென்றால் நான் பார்த்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்கிறவன் ஏமாறவில்லை, ஏனென்றால் நம்பு என்று யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. மலை பறக்கிறது, அனுமார் பறக்கிறார், அற்புதத்தில் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை. ஆனால் குழந்தை நாளைக்குப் பெரியவனாகிப் பூகோளம் படிக்கும்போது ஆச்சியின் மேல் கோபம் கொள்ள இடமில்லை. அவள் முதல் நாளே கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், அதே சொல்லைப் பிரித்துத் தனியாக நிறுத்திவிட்டால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்கிற 'ஆம்', "எனக்குத் தெரியாது, சொல்லிக்கொள்கிறார்கள்" என்கிறது. தனியே நிற்கிற 'ஆம்', "சந்தேகமில்லை, அப்படித்தான்" என்கிறது. என் மனத்துக்குப் பிடித்த அந்த எழுத்தாளரிடம் நான் கண்ட மாற்றத்தை இதற்கு மேல் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. 'விடாது கருப்பு' காலத்தில் அவரிடம் இருந்தது ஆச்சியின் 'ஆம்'. பிற்காலத்தில் அது தனித்து எழுந்து நின்றுகொண்டது.

நான் சத்திரப்பட்டிப் பெரியவரின் பேச்சைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். "அசந்து போய்ட்டாராம்ல" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். மொழி அவருக்கும் ஒரு கதவைத் திறந்துதான் வைத்தது. அடுத்த மூச்சில், "கதையில்ல, நடந்தது" என்று அவரே அதைச் சாத்திவிட்டார். சாத்தக் கற்றுக்கொடுத்தது யார்?

பழியை எழுத்தாளர் தலையில் மட்டும் போட்டுவிட்டு வாசகர்கள் தப்பித்துக்கொள்ள நான் விட மாட்டேன். அந்தக் கோயில் எங்கே இருக்கிறது, அந்தச் சுவடி யாரிடம் இருக்கிறது, பஸ் எந்த ஊரில் ஏற வேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம். "கற்பனை" என்று எழுத்தாளர் பதில் சொன்னால் நம் முகம் வாடிவிடுகிறது. உண்மை என்று சொன்னால் இன்னும் பத்துப் பிரதி விற்கும் என்பது பதிப்பகத்தாருக்குத் தெரிகிறது. எழுத்தாளனுக்கும் குடும்பம் உண்டு. மாதம் பிறந்தால் வாடகை உண்டு. நாம் கேட்டுக்கொண்டே இருந்தோம், அவர்கள் கொடுத்தார்கள். ஒரு நல்ல கதைக்காரரிடம் போய்க் கதை போதாது, ருஜு கொடு என்று கேட்டவர்கள், பின்பு அவரிடம் கதை குறைந்துபோயிற்று என்று அழுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று பெய்த மழையில் ஓடைகள் பெருக்கெடுத்து, தரிசனத்துக்குப் போனவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அது கோடை, யாரும் வெள்ளத்தை எதிர்பார்க்கவில்லை. அந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே புலி உண்டு, யானை உண்டு, மரத்துக்கு மரம் தாவும் சாம்பல் நிற மலையணில் உண்டு. ஓடைக்கு மேலே எந்தச் சரிவில் மழை பெய்தால் எத்தனை நேரத்தில் கீழே தண்ணீர் வரும் என்று அறிந்த மலைவாசிகளும் வனக் காவலர்களும் உண்டு. சித்தர்களைப் பற்றி ஆயிரம் பக்கம் வாசித்துவிட்டு மலையேறுகிற இளைஞனுக்கு இந்த ஓடையைப் பற்றி ஒரு பக்கமும் தெரியாது. அற்புதத்தை உண்மை என்று சாதிக்கப் புறப்பட்டால், கண்ணெதிரே இருக்கிற உண்மைகளுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. அந்த மலைக்கு நாம் செய்கிற பெரிய அவமரியாதை அதுதான் என்று நினைக்கிறேன். மலை தன்னளவிலேயே அற்புதம். அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா?

அமானுஷ்யக் கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேயும் சித்தரும் இல்லாத தமிழ்க் கதையுலகம் உப்பில்லாத பண்டமாகிவிடும். அடுத்த தலைமுறையில் யாரோ ஒருவர், ஒருவேளை இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதாவது ஒரு மாடியில் உட்கார்ந்து, கருப்பசாமியின் குதிரைக் குளம்படியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கலாம். அவருக்கு என் வாழ்த்து. குளம்படி எங்கள் தெருவில் கேட்கட்டும். நாங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்குகிறோம். விடிந்ததும் வாசலில் குளம்புத் தடம் இருந்ததா இல்லையா என்பதை மட்டும் அவர் சொல்ல வேண்டாம். அதைப் போய்ப் பார்த்துக்கொள்ள எங்களுக்குக் கண் இருக்கிறது. ஆச்சி செய்ததைப் போல உருண்டையை வாயில் வைத்துவிட்டு, அப்படித்தான் சொல்லுவார்கள் என்று நிறுத்திக்கொண்டால் போதும்.